பாம்பு வரைபடமும் விஷமுறிவு மருந்தும்: என்ன தொடர்பு?

எந்த விஷப்பாம்பு எங்கே வாழ்கிறது, அதன் கடிக்கு எந்த மருந்து உண்டு என்று காட்டுவதுதான் இந்த வரைபடம். உலக சுகாதார நிறுவனம் இப்படி ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது.

இது ஏன் தேவை? பாம்பு விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் மருந்து தயாரிக்கிறார்கள். ஆகவே எந்த விஷத்தை ஏற்றினார்களோ, அதற்குத்தான் மருந்து நன்றாகக் கேட்கும். அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை தம்பிக்குச் சுமாராகப் பொருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தாது.

இந்திய மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் அதே மருந்துதான். ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறும். கேரளத்திலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியனோ இந்த நால்வரில் சேராது. மருந்து எட்டாத இத்தகைய இடங்களைத்தான் வரைபடம் காட்டிக்கொடுக்கிறது.

அப்புறம், மருந்து போட பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம், அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.