பூனைக்குச் சர்க்கரை காலையில் 420, மதியம் 85: இன்சுலின் டோஸைக் கூட்டலாமா?

உங்கள் பூனைக்கு ரத்தச் சர்க்கரை காலை இன்சுலின் ஊசிக்கு முன் 420, மதியம் 85, இரவு மறுபடி 450 என்று எழுதி, டோஸைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் காலை எண்ணை மட்டும் பார்த்து டோஸைக் கூட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டு ஊசிகளுக்கு நடுவே சர்க்கரை எதுவரை இறங்குகிறது என்பது. உங்கள் பூனைக்கு ஏற்கெனவே 85 வரை இறங்குகிறது. இன்னும் கூட்டினால் ஆபத்தான தாழ்சர்க்கரைக்குப் போய்விடலாம். இரவு ஏறுவது, மருந்து 12 மணி நேரம் தாக்குப்பிடிக்காததால் இருக்கலாம். அல்லது சர்க்கரை மளமளவென்று விழும்போது உடல் பதறி, கல்லீரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பை ரத்தத்தில் விடுவதாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது காரணம் அவ்வளவு அடிக்கடி நடப்பதில்லை.

ஒரு நாள் முழுக்க, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, வீட்டிலேயே பூனையின் காது ஓரத்தில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். கிளினிக்கில் எடுத்தால் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறிவிடலாம். சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்தில் குறித்து, மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் வகையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அப்புறம், சிரிஞ்சையும் பாருங்கள். யு-40 இன்சுலினை (ஒரு மில்லியில் 40 யூனிட்) யு-100 சிரிஞ்சில் (ஒரு மில்லியில் 100 யூனிட் என்று அளவிட்டது) எடுத்தால் அளவே மாறிப்போகும்.

சர்க்கரை தாழ்ந்து தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் பூனையின் ஈறில் கொஞ்சம் தேன் தடவி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிப்பு வந்தால் விரலை வாய்க்குள் விட வேண்டாம். சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலும் காத்திருக்காதீர்கள்.