அம்மாவின் காணியும் நான்காம் மாடியும்

கேள்வி: பாரிஸில் லாச்சப்பல் பகுதியில் நெடுங்காலமாக வாடகைக்கு இருக்கிறோம். மொன்மார்த்ர் குன்றில், நூறாண்டு கடந்த கட்டடமொன்றின் நான்காம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. லிஃப்ட் இல்லை, ஆனால் ஜன்னலைத் திறந்தால் நகரமே தெரிகிறது. குன்றின் அடியில் பழைய சுரங்கங்கள் உண்டு என்கிறார்கள். படிக்கட்டுச் சுவரிலும் ஒரு வெடிப்பு இருக்கிறது. வங்கிக் கடனோடு, எங்களுடன் இருக்கும் அம்மாவின் சீதனக் காணியை ஊரில் விற்ற காசும் சேர்வதால் பணத்துக்குக் குறையில்லை. அடுத்த மாதம் முன் ஒப்பந்தம். துணிந்து வாங்கலாமா?

பதில்: சுரங்கத்தைப் பற்றி நீங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அந்தக் குன்றிலிருந்து ஜிப்சம் கல்லை நூற்றாண்டுகளாகத் தோண்டியெடுத்துச் சாந்தாக்கினார்கள். நிலம் அவ்வளவு பொள்ளலாகிவிட்டதால்தான், 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சாக்ரே கேர் தேவாலயத்தைத் தாங்க 83 ஆழ்கிணறுகள் தோண்டித் தூண் இறக்க வேண்டியதாயிற்று. பாரிஸின் சுரங்கங்களைக் கவனிக்க 1777இல் ஏற்படுத்தப்பட்ட அலுவலகம் இன்றும் இயங்குகிறது; உங்கள் கட்டடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று அங்கே விசாரியுங்கள். வெடிப்பைப் பற்றி, கடந்த மூன்று ஆண்டுகளின் வீட்டு உரிமையாளர் கூட்ட அறிக்கைகளில் தேடுங்கள். அவற்றை விற்பவர் தந்தே ஆகவேண்டும்.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே ஓரிடத்தில்தான் வருகிறார், அதுவும் பணக்கணக்கில். அவருடைய வயதை எழுதவில்லை. முழங்கால் எப்படி என்று எழுதவில்லை. காணியை விற்கும்போது என்ன சொன்னார் என்றும் எழுதவில்லை. லிஃப்ட் இல்லை என்பதையோ, ஜன்னல் காட்சியின் பெருமைக்கு முன்னுரையாக ஓரிரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். லாச்சப்பலில் அவரால் தனியே இறங்கி பஜோல் வீதியிலுள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் போகமுடியும், கடையில் முருங்கைக்காய் விலை கேட்கமுடியும், தன் மொழியில் நாலு பேரோடு பேசமுடியும். குன்றின்மேல் நான்காம் மாடியில் குடிவைத்தால், தன் காணியை விற்று வாங்கிய வீட்டிலேயே, மகனோ மருமகளோ கைபிடித்து இறக்கும் நாளுக்காக அவர் காத்திருக்க வேண்டும். கேபிள் ரயில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது குன்றின்மேல் ஏற்றிவிடும், உங்கள் மாடிக்கு ஏற்றிவிடாது. பிறகு லிஃப்ட் வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். அதற்கு உரிமையாளர் கூட்டத்தின் வாக்கு வேண்டும், இத்தகைய கட்டடங்களின் ஒடுங்கிய படிக்கட்டில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது.

பத்திரம் யார் பெயரில்? அதையும் நீங்கள் எழுதவில்லை; கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்றே ஊகிக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான பழைய தேசவழமை தாயின் சீதனத்தைப் பெண்பிள்ளைகளின் வழிக்கே வைத்தது. இன்று அப்படியே நடக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு சகோதரி இருந்து, அவளுக்குத் தெரியாமல் இது நடக்கிறதென்றால், அதை நான் களவு என்றே சொல்வேன். அம்மா தருவது கடனா, கொடையா, வீட்டில் பங்கா என்பதை பத்திரம் பதியும் சட்ட அலுவலரான நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். கொடை என்றால், பிரெஞ்சுச் சட்டப்படி அது பிற்காலத்தில் சகோதரர்களின் பங்குக் கணக்கில் சேர்க்கப்படும். பங்கு என்றால், அவர் பெயரும் விகிதமும் பத்திரத்தில் இருக்கட்டும். என்னைக் கேட்டால் பங்குதான் முறை.

முன் ஒப்பந்தத்துக்குப் பின் காரணம் சொல்லாமலே விலக உங்களுக்கு 10 நாள் அவகாசம் உண்டு. ஆனாலும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே அம்மாவை அந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள். கைகொடுக்காமல், அவசரப்படுத்தாமல், நான்கு மாடியும் அவராகவே ஏறி இறங்கட்டும். அவரால் முடியவில்லையென்றால், குன்றின் அடிவாரத்தில் லிஃப்ட் உள்ள வீடாகத் தேடுங்கள். அந்த ஜன்னலுக்கு வேறு யாராவது விலை கொடுக்கட்டும்.