டாஷ்போர்டில் வின்ச் சுவிச்: எந்த வயர் எங்கே போகும்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். பழைய ஜீப் ஒன்றின் முன்னால் 9500 இறாத்தல் வின்ச் (புதைந்த வாகனத்தைக் கயிறு சுருட்டி இழுத்தெடுக்கும் மோட்டர்) பூட்டியிருக்கிறார். வயரோடு வரும் கை ரிமோட்டை ஒவ்வொரு முறையும் தேடி எடுத்து, மழையில் நின்று செருகி, திரும்பச் சுருட்டி வைப்பது அலுத்துவிட்டது. டாஷ்போர்டில் ஒரு சுவிச் வைத்தால் என்ன? வீட்டில் கிடக்கும் பழைய ஹெட்லைட் சுவிச் போதுமா? எந்த வயரை எங்கே கொடுப்பது?

ஹெட்லைட் சுவிச் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி இது சின்ன வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சின்ன வேலையோடு நீங்கள் கேட்காத இன்னொரு சாமானும் பூட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பதிலில் பாதி அதைப் பற்றியதுதான்.

நான் இருப்பது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். இங்கே வின்ச் என்றதும் ஆட்களுக்கு நினைவு வருவது கரைவலையை (கடலில் விட்டுக் கரையில் இருந்து இழுக்கும் பெரிய மீன்வலை) இழுக்கும் உழவு இயந்திரம். அந்த வின்ச் எஞ்சின் பலத்தில் சுழல்வது, கிளச்சை மிதித்தால் நின்றுவிடும். நம்முடையது பற்றறியில் ஓடும் மோட்டர். அதை நிறுத்த மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது மணற்காடு என்ற எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரில், ஒரு பனைமரத்துக்கு முன்னால். அதற்கு வருகிறேன்.

முதலில் வின்ச் என்ன குடிக்கிறது என்று பாருங்கள். 9500 இறாத்தல் என்றால் கிட்டத்தட்ட 4300 கிலோ. உருளையில் கயிற்றின் முதல் சுற்று மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவை அது. அந்த அளவுக்கு இழுக்கும்போது இந்த ரக மோட்டர் 400 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 4800 வாட். வீட்டுக்கு வரும் 30 அம்பியர் இணைப்பு முழுவதுமாகத் தருவதே 6900 வாட்தான். அப்படியொரு மின்சாரத்தை டாஷ்போர்ட் வரை கொண்டுவந்து ஒரு சுவிச்சால் தட்டிவிட முடியாது, கொண்டுவரவும் கூடாது. அதனால்தான் வின்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சொலினொயிட்டுகள், அதாவது சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகித் தகட்டை இழுத்துத் தொடுக்கும் பெரிய சுவிச்சுகள். தடித்த கேபிள்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும், சுழலும் திசையை மாற்றுவதும் அவற்றின் வேலை. அவற்றின் சுருளை இழுத்துப் பிடிக்கச் சில அம்பியர் போதும். உங்கள் கை ரிமோட் செய்வதெல்லாம் அந்தச் சில அம்பியரை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் அனுப்புவதுதான். டாஷ்போர்ட் சுவிச்சும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது.

ஆகவே தேவை மூன்று மெல்லிய வயர்கள். ஒன்றில் பற்றறியின் நேர் மின்சாரம் சுவிச்சின் நடுக்காலுக்கு வரும். மற்ற இரண்டும் சுவிச்சின் இரண்டு பக்கத்தில் இருந்து பெட்டிக்குப் போகும், ஒன்று உள்ளே இழுக்க, மற்றது வெளியே விட. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம்.

பெட்டியில் எந்த முனை எது என்று நிறத்தை நம்பிப் போகாதீர்கள். கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். ஏற்கெனவே யாராவது கை வைத்த பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். வின்ச்சின் கிளச் பிடியைத் திருப்பி உருளையை விடுவித்துவிடுங்கள், மோட்டர் சுற்றினாலும் கயிறு அசையாது. ரிமோட் செருகும் துளையில் ஒவ்வொரு முள்ளுக்கும் ஏர்த்துக்கும் (பற்றறியின் எதிர் முனையோடு சேர்ந்த வாகன உடம்பு) நடுவே ஒரு சோதனை பல்பைப் பிடியுங்கள். எரிவது நேர் வயர். அதில் இருந்து மற்ற முள் ஒன்றுக்கு ஒரு துண்டு வயரால் நொடிப்பொழுது தொட்டு எடுத்தால் மோட்டர் ஒரு திசையில் உறுமும். மற்ற முள்ளைத் தொட்டால் மறுதிசை. பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முள்ளிலும் பல்ப் எரியாவிட்டாலோ, மூன்றுக்கு மேல் முள் இருந்தாலோ ஊகித்து வேலை செய்யாமல் அந்த வின்ச்சின் வரைபடத்தைப் பாருங்கள். சில பழைய ஜப்பான் டீசல் வாகனங்கள் 24 வோல்ட். உங்களுடையதும் அப்படியென்றால் சொலினொயிட்டும் மோட்டரும் அதற்கேற்றவையா என்று முதலே பார்க்க வேண்டும்.

இனி சுவிச். கை எடுத்ததும் தானாக நடுவுக்குத் திரும்பும் வகைதான் வேண்டும்: நடுவில் ஓஃப், இரண்டு பக்கமும் அழுத்தும் வரை மட்டும் ஓன். ஹெட்லைட் சுவிச் போட்ட இடத்திலேயே நிற்கும். இழுக்கும்போது நீங்கள் பதறி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை எடுத்தால் வின்ச் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் முதலில் வேண்டாம் என்றேன். இரண்டு தனித்தனி பட்டன் வைப்பதையும் நான் விரும்பமாட்டேன், இரண்டையும் ஒன்றாக அழுத்த இடம் இருக்கிறது. சில பெட்டிகளில் இரண்டு பக்கச் சொலினொயிட்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் உள்ளே தீ பறக்கும். அதே காரணத்துக்காக, டாஷ்போர்ட் சுவிச்சைப் பாவிக்கும்போது கை ரிமோட் செருகியபடி இருக்கக் கூடாது. வீட்டுக் கோலிங் பெல் பட்டனைப் பூட்டிய ஒருவரையும் கண்டிருக்கிறேன். கெட்டிக்காரர்தான், ஆனால் அந்தப் பட்டன் வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போவதால் பிரியும் இடத்தில் எழும் பொறி தானாக அணையும். பற்றறி மின்சாரத்தில் அந்தப் பொறி அப்படி அணையாது, சுவிச்சின் உள்ளே தொடும் முனைகளை அரித்துத் தின்னும். 12 வோல்ட்டில் 15 அல்லது 20 அம்பியர் தாங்கும் என்று எழுதிய சுவிச்சாகப் பார்த்து வாங்குங்கள். சொலினொயிட் சுருளின் குறுக்கே 1என் 4007 டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு) ஒன்றும் போட்டுவிட்டால் (வெள்ளிக் கோடு நேர் பக்கம், மற்ற முனை ஏர்த்) சுவிச் இன்னும் நெடுநாள் உழைக்கும்.

நடுக்காலுக்கு வரும் மின்சாரத்தை நேரே பற்றறியில் இருந்து எடுக்காமல், திறப்பைப் போட்டால் மட்டும் வரும் இடத்தில் இருந்து எடுங்கள். பழைய ஜீப்பின் திறப்புச் சுவிச் தேய்ந்திருக்கும், அதற்குப் பாரம் ஏற்றாமல் ஒரு சாதாரண ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிச்) போடுவது நல்லது. ரிலேயின் கால்களில் எண் இருக்கும்: திறப்பில் இருந்து 86க்கு, 85 ஏர்த்துக்கு, பற்றறியில் இருந்து 10 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு, 87இல் இருந்து சுவிச்சுக்கு. பியூஸ் பற்றறிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரிலேக்கும் சுவிச்சுக்கும் நடுவில் சிவப்பு மூடியோடு வரும் சின்னச் சுவிச் ஒன்று வையுங்கள், மூடியைத் தூக்கினால்தான் போடலாம். என் அக்காவின் மகன் வாகனத்தில் ஏறினால் கண்ணில் பட்ட பட்டன் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்தாமல் இறங்கமாட்டான். அந்த மூடி அவனுக்காக வைத்தது.

சரி, பனைமரத்துக்கு வருவோம்.

மாரி மழை விட்ட ஒரு நாள், மணற்காட்டுப் பக்கம் மச்சானின் படகு எஞ்சினை ஏற்றப் போனோம். மேல் மணல் ஈரத்தில் இறுகித் தெரிந்தது. நம்பி விட்டேன். நாலு சில்லும் அச்சு வரை இறங்கிவிட்டன. பனையின் அடியில் பட்டியைச் சுற்றி, கயிற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, உள்ளே இருந்து டாஷ்போர்ட் சுவிச்சை அழுத்தினேன். வாகனம் அழகாக ஏறி வந்தது. போதும் என்று கையை எடுத்தேன். வின்ச் நிற்கவில்லை. திறப்பை நிறுத்தினேன். எஞ்சின் நின்றது, வின்ச் நிற்கவில்லை. பிரேக்கில் முழுப் பாரத்தையும் கொடுத்து நிற்கிறேன், மணலில் வாகனம் அரைந்து அரைந்து பனையை நோக்கிப் போகிறது. வெளியே நின்ற மச்சான், "நிப்பாட்டுங்கோ அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று கத்துகிறான். எதை நிறுத்த? பாரம் ஏறிய நிலையில் கிளச் பிடியும் திரும்பாது. கடைசியில் பொனற்றைத் திறந்து, 10ஆம் நம்பர் ஸ்பானரால் பற்றறி முனையைக் கழற்றினேன். முறுகிய கம்பிக் கயிற்றுக்கு இரண்டு அடி தள்ளி நின்று செய்த வேலை அது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. கயிற்றை வழிநடத்தும் முன்பக்க ரோலர் நெளிந்தது, பம்பர் வளைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தது நெல்லியடிப் பக்கத்தில் வயரிங் வேலை செய்யும் வயதான ஐயா ஒருவர். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இங்கே பற்றறிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை, மின்சாரத்தின் குணம் அத்துப்படி. சொலினொயிட்டின் செப்புத் தகடுகள் இரண்டும் உருகி ஒட்டிப்போயிருந்தன. அவர் சொன்னது இது: "தம்பி, நீர் உள்ளுக்கு வச்சிருக்கிறது கட்டளை சொல்லுற சுவிச். கேக்கிறதும் கேக்காததும் முன்னுக்கு இருக்கிற பெட்டியின்ர விருப்பம். நிப்பாட்ட வேணுமெண்டா பற்றறியில பிரிக்க வேணும்."

ஏன் ஒட்டியது என்பதையும் அவரே காட்டினார். கடற்கரை உப்பில் ஏர்த் முனை பச்சை பூத்திருந்தது. பற்றறியும் நாலு வருடப் பழசு. போதாக்குறைக்கு முதல் பூட்டியபோது காசு மிச்சம் பிடிக்க 16 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டிருந்தோம். போக 2 மீற்றர், வர 2 மீற்றர் என்று வைத்தால் 400 அம்பியரில் அந்தக் கேபிள் மட்டுமே 1.75 வோல்ட்டைத் தின்றுவிடும். அதுவே 35 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.8 வோல்ட். பாரம் ஏறும்போது வோல்ட் இப்படி விழுந்தால் சொலினொயிட்டின் சுருளுக்குத் தகட்டை இறுக்கிப் பிடிக்கப் பலம் போதாது. தகடு துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொறி. வெல்டிங் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் போலத்தான், ஒரு கட்டத்தில் ஒட்டிவிடும். பூட்டித் தந்த கராஜைக் குறை சொல்லி வேலையில்லை. பற்றறிக்கு மெயின் சுவிச் ஒன்று போடுவோம் என்று அவர்கள் கேட்டார்கள். வேண்டாம், சும்மா செலவு என்றது நான்தான்.

நீங்கள் கேட்காத சாமான் இதுதான்: பற்றறி நேர் முனைக்கும் வின்ச்சுக்கும் நடுவே கையால் திருப்பிப் பிரிக்கும் மெயின் சுவிச். தொடர்ச்சியாக 250 அல்லது 300 அம்பியரும், சிறிது நேரத்துக்கு அதற்கு மேலும் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்புத் திறப்பைப் போட்டுத் திருப்பும் மலிவு விலைச் சுவிச் ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும், அது இந்த வேலைக்குப் போதாது. பூட்டும் இடம் முக்கியம். பொனற்றுக்குள் வைத்தால் என் கதைதான் உங்களுக்கும். நான் இப்போது ஓட்டுநர் ஆசனத்தின் பக்கத்தில், இருந்த இருப்பில் கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். அதற்காகக் கேபிள் கொஞ்சம் நீண்டது, அதனால் 50 சதுர மில்லிமீட்டருக்குப் போனேன். வின்ச் பாவிக்காத நேரமெல்லாம் அது பிரிந்தே இருக்கும். இதில் இன்னொரு நன்மை: முன்னால் எதிலாவது இடித்து அந்தக் கேபிள் நசுங்கினாலும் அதில் மின்சாரம் இருக்காது.

எதிர் கேபிளைச் சட்டத்தில் எங்கோ ஒரு போல்ட்டில் கட்டிவிடாமல் மோட்டரில் இருந்து நேரே பற்றறிக்குக் கொண்டுபோங்கள். மெல்லிய வயர்கள் எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வரும் துளையில் இறப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஆறு மாதத்தில் அறுத்துவிடும். எல்லா முனைக்கும் கிறீஸ் பூசுங்கள். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கழற்றித் துடைத்தாலே தாங்கும். சுவிச்சை முழங்கால் படாத இடத்தில் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. நான் இன்னும் பாதி நேரம் கை ரிமோட்டைத்தான் எடுக்கிறேன். உள்ளே இருந்தால் கயிறு உருளையில் ஒரு பக்கமாகக் குவிவது தெரியாது. வெளியே கயிற்றைப் பார்த்துக் கை காட்ட நம்பிக்கையான ஆள் ஒருவர் இருக்கும்போதுதான் டாஷ்போர்ட் சுவிச். அப்போது அதன் அருமையே தனி. ஸ்டியரிங்கும் கையில் இருக்கும், சில்லையும் மெல்லச் சுழற்றி வின்ச்சுக்கு உதவலாம்.

பூட்டி முடிந்ததும் நேரே மணலுக்குப் போகாமல், சமதரையில் ஒரு மரத்தில் கட்டி, பிரேக்கை இலேசாக மிதித்துப் பாரம் கொடுத்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு மெயின் சுவிச்சைத் தேடித் திருப்பிப் பாருங்கள். முதல் தடவையிலேயே கை அதில் விழாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். உங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றிப் படம் ஒன்று போட்டால் எந்த முனை எது என்று பார்த்துச் சொல்கிறேன். திறக்க முதல் பற்றறியைக் கழற்றிவிடுங்கள்.