கேள்வி – பதில்: குத்தலும் கடாட்சமும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'சர்காஸம்' என்கிறார்களே, அந்தச் சொல்லின் மூலம் என்ன? பிற மொழிகளில் அதற்கு என்ன பெயர்? – மேலூர் வாசகர்

பதில்: அதன் மூலம் கிரேக்கம். அம்மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் நாய் இறைச்சியைக் குதறுவதையும், ஆத்திரத்தில் உதட்டைக் கடிப்பதையும் குறித்து, பிறகு ஏளனப் பேச்சுக்கு ஆகி, லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. கல்லாலான சவப்பெட்டியைக் குறிக்கும் 'சார்கோபகஸ்' என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். அதன் பொருள் 'சதை தின்னி'.

கிரேக்கத்தோடு எவ்வகை உறவும் இல்லாத ஜப்பானிய மொழியிலும் குத்தல் பேச்சுக்கு 'ஹினிக்கு', அதாவது 'தோலும் சதையும்' என்றே பெயர். தென்னாட்டிலிருந்து சீனம் சென்றவராக மரபு போற்றும் போதிதர்மர், தம் சீடர்களுள் ஒருவர் தம் தோலையும், மற்றவர்கள் முறையே சதையையும் எலும்பையும் மஜ்ஜையையும் பெற்றதாகத் தரம் பிரித்தார் என்பது கதை. மஜ்ஜையை எட்டாமல் தோலோடும் சதையோடும் நின்றவர் என்ற குறைகூறலே பின்னாளில் இப்பொருளுக்குத் திரிந்தது என்பர்.

இந்தியில் வழங்கும் 'வியங்கியம்', வெளிப்படச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் பொருளுக்கு வடமொழிக் கவிதையியல் வைத்த பெயர். இன்னொரு சொல்லான 'கடாக்ஷ்' நமக்கு வேடிக்கையானது. கடைக்கண் பார்வை என்னும் அதே வடசொல்லைத்தான் நாம் 'மீனாட்சியின் கடாட்சம்' என்று அருளுக்கு வைத்திருக்கிறோம்; இந்திச் செய்தித்தாளிலோ ஒரு தலைவர் மற்றவர் மீது 'கடாக்ஷ்' செய்தார் என்றால் குத்திப் பேசினார் என்று பொருள்.

கேள்வி: தமிழில் இதற்கு இலக்கணம் உண்டா? – உசிலம்பட்டி வாசகர்

பதில்: உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரித்து, நேரடியாகத் திட்டுவதைச் செம்பொருள் என்றும், பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் கூறுகிறது. "தேவர் அனையர் கயவர்" என்று உயர்த்திவிட்டு, அவர்களும் தாம் விரும்பியபடியே நடப்பதால் என்று வள்ளுவர் காரணம் காட்டுவது (குறள் 1073) இரண்டாம் வகை. மாட்டுத்தாவணிப் பேருந்தின் படியில் தொங்கும் இளைஞரிடம், "ராசா, உள்ள வந்தா சட்டை கசங்கிருமோ?" என்று நடத்துநர் பரிவோடு விசாரிப்பதும் அவ்வகையே.