ஆறாம் வகுப்புக்குப் பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்: கேட்டவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

திருச்சியில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றிலும் அப்புறம் ஒரு மெட்ரிக் பெண்கள் பள்ளியிலுமாக 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியை. அஞ்சாம் வகுப்பு முடிக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துத்தான்.

கேள்வி: டீச்சர், நாளைக்கு இரண்டு பள்ளிகளைப் பார்க்கப் போகிறோம். எங்கே போனாலும் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்து விண்ணப்பத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் கழிப்பறையைப் பாருங்கள் அம்மா. ஆபீஸ் பக்கத்தில் வருகிறவர்களுக்கென்று இருப்பதைக் காட்டுவார்கள், அது வேண்டாம், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போவது எங்கே என்று கேட்டு அதைப் பாருங்கள். காலை இடைவேளை பல பள்ளிகளில் பத்து நிமிஷம்தான். ஒரு மாடியில் முந்நூறு பிள்ளைகள், ஆறு கழிப்பறை, அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசையில் நின்று, மணி அடித்ததும் போகாமலே வகுப்புக்கு ஓடி வருகிற பிள்ளை அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு பெஞ்சுக்கு அடியில் இருக்கிற வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், காலையில் வீட்டில் நிரப்பிக் கொடுத்தது கழுத்து வரை அப்படியே இருக்கும். அந்த வகுப்புகளிலிருந்துதான் வயிற்றுவலி, நீர்க்கடுப்பு என்று லீவு லெட்டர் அதிகமாக வரும்.

ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள்தான் பெரும்பாலான பிள்ளைகள் வயசுக்கு வருகிறார்கள். அதனால் கழிப்பறைக்குள் மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, அவசரத்துக்கு நாப்கின் வேண்டுமென்றால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். இதை ஆயாம்மாவிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். பாடம் நடக்கும்போது எழுந்து அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு, எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் கதவோரம் ஆணியில் ஒரு மர அட்டையைத் தொங்கவிட்டோம். அதை எடுத்துக்கொண்டு போகலாம், திரும்பி வந்து மாட்டிவிடலாம், எந்த ஆசிரியரும் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அந்த மாதிரி ஏதாவது ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிறவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித்துறையின் 14417 இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதியிருக்க வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் நடப்பில் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பிறகும் இதைக் கேட்க நமக்குக் கூச்சம் இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பெண்கள் பள்ளி பல வருடமாகப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ரோடு முழுக்க ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாமா?

சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். பத்தாம் வகுப்பு எழுதிய அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்? 120 பேர் உள்ளே வந்து 85 பேர் மட்டும் பரீட்சை எழுதி 85 பேரும் பாஸ் என்றால், மீதி 35 பேர் எங்கே போனார்கள்? அப்பாவுக்கு வேலை மாற்றல் என்று சிலர் போயிருக்கலாம், எல்லோருமா போயிருப்பார்கள்?

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட்டு நிறுத்துவதில்லை, அதனால் ஒன்பதில்தான் வடிகட்டுகிறார்கள். நான் இருந்த ஒரு பள்ளியில் ஏப்ரல் மாதம் பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, 'நீங்களே விரும்பி டி.சி. கேட்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாஸ் போட்டு அனுப்புகிறோம், இல்லாவிட்டால் ஃபெயில்தான்' என்பார்கள். ஒரு அப்பா, டெய்லர், வெள்ளைத்தாளில் எழுதத் தெரியாமல் என்னிடமே வந்து 'நீங்க எழுதித் தாங்க டீச்சர்' என்றார். அவருடைய மகள் வெளியே படிக்கட்டில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். கணக்கில் 31 மார்க், நாலு மார்க் குறைவு, ஒரு மாதம் கூட உட்காரவைத்திருந்தால் தேறியிருப்பாள். அந்த வருடம் அந்தப் பள்ளியும் நூறு சதவீதம்தான். அந்த வேலையை நான் விட்டதற்கு அந்தப் படிக்கட்டு ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஜனவரி மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் பத்தாம் வகுப்புப் பாடம் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் ஆயத்தொலை வடிவியலையும் அரைகுறையாகத் தாண்டி வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டு வருடம் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குப் பத்தாவதில் மார்க் வரும், பிளஸ் ஒன்னில் கணக்கு முதல் பாடத்திலேயே அழுகையும் வரும். அந்த அழுகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மெட்ரிக்கா, சி.பி.எஸ்.இ.யா? வீட்டில் தினம் இதே சண்டை.

2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடப் புத்தகம்தான். மெட்ரிக்குக்கு நீங்கள் கட்டும் பணம் பாடத்திட்டத்துக்கு அல்ல, ஆசிரியர்களுக்கும் இடவசதிக்கும். அதனால் அதைத்தான் விசாரிக்க வேண்டும். ஆசிரியர்கள் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கிற பள்ளி என்றால் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். அப்பாவுக்கு மாநிலம் விட்டு மாநிலம் மாற்றல் வரும் குடும்பம் என்றால் சி.பி.எஸ்.இ. வசதி. ஆனால் வாசலில் பெயர்ப்பலகையில் சி.பி.எஸ்.இ. என்று இருந்தால் மட்டும் போதாது, இணைப்பு எண்ணை வாங்கி வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், எத்தனாம் வகுப்பு வரை இணைப்பு என்பதையும் சேர்த்து.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது என்பது. சில பெண்கள் பள்ளிகளில் கணக்கு உயிரியல் குரூப் இருக்கும், கணினி அறிவியல் இருக்காது. சில இடங்களில் பத்தாவதோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலேயே இது எதற்கு என்று தோன்றும், பதினைந்து வயதில் தோழிகளை எல்லாம் விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போகிறபோது அந்தப் பிள்ளை படுகிற பாடு எனக்குத் தெரியும்.

கேள்வி: டீச்சர், என் மகள் இப்போது அரசு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். கடன் வாங்கியாவது தனியார் பெண்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கடன் என்று சொன்னதால் வெளிப்படையாகச் சொல்கிறேன் தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் படிக்கும்போது பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் தொடங்கியது, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது எல்லாம் போய்விடும். பலருக்கு இது பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

பக்கத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். அங்கே மனசு ஒப்பவில்லை என்றால் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. பழைய பள்ளிகள், பெரிய மைதானம், அரசு சம்பளம் வாங்குகிற ஆசிரியர்கள், செலவும் குறைவு. 7.5 சதவீதம் அங்கே கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு ஒன்று தனியாக நடக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளியில் போட்டால் நாளைக்குக் கல்லூரியில் பையன்களோடு பேசவே பயப்படுவாள் என்கிறார் என் நாத்தனார்.

அப்படி நான் பார்த்ததில்லை. லேபில் கருவியை எடுத்து வைப்பதிலிருந்து விளையாட்டு விழாவில் மைக் பிடிப்பது வரை எல்லாவற்றையும் பெண்களே செய்தாக வேண்டிய இடம் அது, அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகாது. ஆனால் தலைமுடி, வளையல், யார் யாரோடு பேசினாள் என்று நாள் முழுக்கக் கண்காணிக்கிற பெண்கள் பள்ளியும் உண்டு, அங்கே பிள்ளை சுருங்கித்தான் போவாள். பி.இ.டி. பீரியடில் மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்களா அல்லது கணக்கு டீச்சர் அந்த பீரியடை வாங்கிக்கொள்கிறாரா என்று பாருங்கள். ஆரம்ப வருடங்களில் நானும் அப்படி வாங்கியிருக்கிறேன், அது தவறு.

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு, கூடவே 'டொனேஷன்' ஐம்பதாயிரம். வேறு வழி இல்லையா?

இரண்டுமே சட்டப்படி கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தேர்வு வைத்து வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் நன்கொடைக்கு எதிராக 1992இலிருந்தே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கமிட்டி மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை எவ்வளவு என்று பள்ளியில் கேட்டு, கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் ஏழு வருடம் எப்படிக் காலம் தள்ளப் போகிறீர்கள்?

கேள்வி: வேறு ஊரில் ஹாஸ்டலோடு ஒரு பெண்கள் பள்ளி. பதினோரு வயதில் விடலாமா?

வீட்டில் முடியாத நிலை என்றால் ஒழிய என் பதில் வேண்டாம் என்பதுதான். விட்டே ஆக வேண்டும் என்றால் 2014 விடுதிகள் சட்டப்படி கலெக்டர் கொடுத்த உரிமம் இருக்கிறதா பாருங்கள், ராத்திரி விடுதியிலேயே தங்குகிற வார்டன் பெண்ணா என்று கேளுங்கள், பிள்ளை வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய பள்ளியில் ஒரு டெர்ம் ஃபீஸ் பாக்கி. டி.சி. தர மறுக்கிறார்கள். புதுப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது.

பாக்கியைக் கட்ட வேண்டியது உங்கள் கடமை, அது வேறு. அதற்காக டி.சி.யைப் பிடித்துவைக்க முடியாது. டி.சி. பாக்கி வசூலிக்கிற கருவி இல்லை, அதில் ஃபீஸ் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். தாள் கையில் வந்தாலும் எமிஸில், அதாவது கல்வித்துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், உங்கள் மகளின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். அதையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள், மே மாதத்திலேயே. ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் ஆபீஸில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.