பால்வீதிக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் சுருள் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இளம் விண்மீன்களை வைத்துத்தான். சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதனால் வயதான விண்மீன்கள் பிறந்த இடத்தை விட்டு எங்கெங்கோ சிதறிவிட்டன. ஆனால் ‘ஓ’ வகை எனப்படும் மிகச் சூடான நீல விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும். பிறந்த சுருள்கரத்தை, அதாவது சுருளின் கிளையை, விட்டு வெகுதூரம் போக அவற்றுக்கு நேரமே கிடையாது. அவை கூட்டமாக இருக்கும் இடமே கரம்.

மார்கழி இரவில் ஓரியன் விண்மீன் குழுவைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலாக ஒரு புகைத்திட்டு தெரியும். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ள, விண்மீன்கள் பிறக்கும் பிரசவ அறை அது! நாம் இருக்கும் கரத்திலேயே இருக்கிறது.

இத்தகைய இளம் விண்மீன்களின் தொலைவுகளை வரைபடத்தில் குறித்தே, 1951-இல் ஒரு வானியல் மாநாட்டில் அமெரிக்க வானியலாளர் வில்லியம் மார்கன் அருகிலுள்ள கரங்களை முதன்முதலில் காட்டினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு மிகவும் பிடித்த வானியல் தருணம் அது.

தொலைவில் உள்ளவற்றைத் தூசு மறைத்துவிடும். ரேடியோ அலைகளோ தூசைக் கடந்து வரும். புதிதாகப் பிறந்த பெரும் விண்மீன்களைச் சுற்றியுள்ள நீராவியும் மெத்தனாலும் ‘மேசர்’ எனப்படும், லேசர் போன்ற ரேடியோ கதிர்களை உமிழ்கின்றன. பூமி சூரியனைச் சுற்றும்போது அவற்றின் இடம் நூலிழை நகர்வதுபோலத் தெரியும். அதை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும்.