லண்டனின் கிரேவன் காட்டேஜ் மைதானத்தில் ஆட்டம் காண்பது எப்படி?

லண்டனில் ஒரே ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க எந்தப் பழைய மைதானம் ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரை ஃபுல்ஹாம் அணியின் கிரேவன் காட்டேஜ். தேம்ஸ் நதிக்கரையில் 1896 முதல் ஆட்டங்கள் நடந்துவரும் இம்மைதானத்துக்கு, டிஸ்ட்ரிக்ட் ரயில் தடத்தில் பட்னி பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி, பிஷப்ஸ் பூங்கா வழியாக ஆற்றோரமாகவே நடந்து செல்லுங்கள். அந்த நடைக்காகவே சற்று முன்னதாகக் கிளம்பலாம்.

சீட்டு கிடைத்தால் ஜானி ஹேன்ஸ் அரங்கில் அமருங்கள். ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்து 1905இல் திறக்கப்பட்ட, செங்கல் முகப்புடைய இவ்வரங்கில், மடக்கி நிமிர்த்தும் பழைய மர இருக்கைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளுக்கு ஆடுகளத்தை மறைக்கும் என்பதால், பணம் கட்டுமுன் இருக்கைக் குறிப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். வாசலில் நிற்கும் சிலை, ஃபுல்ஹாமுக்காக 658 ஆட்டங்கள் ஆடி, இங்கிலாந்துக்கும் தலைமை தாங்கிய ஹேன்ஸுடையது. உள்ளே மூலையில் தெரியும் வீடு போன்ற கட்டடத்தில்தான் உடைமாற்றும் அறைகள் உள்ளன. வீரர்கள் அந்த மூலையிலிருந்தே களமிறங்குவதைத் தவறவிடாதீர்கள்.

தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டத்தின் தேதியும் நேரமும் மாறுவது வழக்கம். ஆகவே அவை உறுதியான பின்னரே பயணத்தைத் திட்டமிடுங்கள்.